மூச்சுக்காரி

போன வாரம் அண்ணியை நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இருமல். "ஒண்ணுமில்ல, தூசி" என்று பல நாளாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, முதுகில் வட்டத்தை வைத்து, "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார். எந்த டாக்டரும் எந்த நோயாளியிடமும் சொல்வதுதான். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், அந்த மனுஷர் வேறு எப்படித்தான் சொல்வார் என்று சத்தம் போட்டேன். காத்து என்று சொல்லச் சொல் என்றாள். நான் திரும்ப உள்ளே போய், அவ்வளவு படித்தவரிடம், மூச்சு என்று சொல்லாமல் காற்று என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். முதலில் என்னைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர், அப்படியே சொன்னார். அண்ணி இழுத்து விட்டாள்.

அண்ணன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. அது இல்லாமல் குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். துணியை ஒரே மூச்சில் துவைத்துப் போட்டேன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்ல முடியாது. டிவியில் யாராவது சொல்லிவிட்டால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தச் சொல்லை எங்கள் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவளே அவள்தான்.

அண்ணி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதனால் வா, போதான். அண்ணன் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். நான் கல்யாணமே வேண்டாம் என்று அடம்பிடித்து அவர்களோடு ஒட்டிக்கொண்டவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வேலைக்கும் போகிறோம் என்றால் சிரிக்காதவர்கள் இல்லை. சண்டை போட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் நாங்கள் செய்வது பிளாஸ்டிக். ஆனால் மண்ணெண்ணெய் குடும்பத்துப் பிளாஸ்டிக் இல்லை. பழச்சாறு ஆலையில் பிழிந்து போட்ட ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த எண்ணெய் டிரம் டிரம்மாக எங்களுக்கு வரும். பக்கத்து மது ஆலைத் தொட்டிகளில் எல்லாம் புளித்து நுரைக்கும்போது கிளம்பும் கார்பன் டை ஆக்சைடைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து பெரிய டாங்கில் அடைத்து வைப்போம். முதல் கூடத்தில் எண்ணெயைப் பக்குவப்படுத்துவார்கள். அடுத்த கூடத்தில் அதை ஒரு பெரிய இரும்புக் கலத்தில் ஊற்றி, வினையூக்கியைப் போட்டு, வாயுவை அழுத்தி ஏற்றுவார்கள். எண்ணெய் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தேன் பதத்துக்கு வரும். கடைசியில் கண்ணாடி போலத் தெளிவான மணிகளாகி என்னுடைய பேக்கிங் பிரிவுக்கு வந்து சேரும். ஈரம் மட்டும் படக்கூடாது, பட்டால் மொத்தமும் பாழ்.

அண்ணிக்கு அந்த இரும்புக் கலத்தடியில் வேலை. ரியாக்டர் என்று பெயர். நாங்கள் அண்டா என்போம். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இன்ஜினியர் எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். மனுஷன் வெளியே விடும் மூச்சில் இருப்பதும் இந்த வாயுதான், வானத்துக்குப் போய்க் கெடுதல் செய்ய வேண்டியதைப் பிடித்துக் கையில் பொருளாகக் கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். அண்ணி கையைத் தூக்கி, "அப்போ நாம விடற மூச்சப் புடிச்சுத்தான் பிளாஸ்டிக் செய்யறோமா சார்?" என்று கேட்டாளாம். கூடமே சிரித்தது. அன்று மாலைக்குள் கார்பன் டை ஆக்சைடு என்ற நீளமான பெயர் செத்துப்போய், மூச்சு என்ற பெயர் வந்துவிட்டது.

மூச்சு ஏத்து, மூச்சக் குறை, டாங்குல மூச்சு எவ்வளவு இருக்கு, இப்படித்தான் பேச்சு. இன்ஜினியர் சரியான பெயரைச் சொல்லும்படி கண்டித்துப் பார்த்தார். பிறகு அவரே தொலைபேசியில் மது ஆலைக்காரரிடம் மூச்சு சரியாக வரவில்லை என்று புகார் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அண்ணிக்கு மூச்சுக்காரி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது நான். அண்ணன் பிடித்துக்கொண்டார். மூச்சுக்கு முந்நூறு தடவை மூச்சுக்காரி, மூச்சுக்காரிதான்.

சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "மூச்சு இருக்கா இன்னிக்கு?" என்பதுதான். அண்டாவில் ஏற்ற வாயு வந்ததா, வேலை நடந்ததா என்று அர்த்தம். குழாயில் ஏதாவது பழுது என்றால் அண்ணி "இல்ல, மூச்சு இல்ல" என்பாள். "அப்போ சும்மா உக்காந்துட்டு வந்திருக்க" என்று அவர் கேலி செய்வார். தினமும் அதே கேள்வி, அதே கேலி. எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

இனி பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்டாவுக்கு அடியில் சிமெண்டால் கட்டிய குழி ஒன்று உண்டு. பம்பும் வால்வுகளும் அதற்குள் இருக்கும். ஆள் உயரத்தைவிட ஆழம், இறங்க ஓர் இரும்பு ஏணி. எங்கள் வாயு காற்றைவிடக் கனமானது. எங்கே கசிந்தாலும் தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தேங்கும். தண்ணீராவது கண்ணுக்குத் தெரியும். இதற்கு நிறமும் கிடையாது, கூடத்தில் எந்நேரமும் அடிக்கும் ஆரஞ்சு வாசத்தைத் தாண்டி மூக்குக்குத் தெரியும்படி எதுவும் கிடையாது. அந்த வாசத்தில் நின்றால் யாருக்கும் பயம் வராது. பழக்கடையில் நிற்பது போல இருக்கும்.

காலையில் பெருக்க வருகிறவர் முதலில் பள்ளத்தைத்தான் எட்டிப் பார்ப்பார். விட்டில்பூச்சிகள் கிடக்கும், பல்லி கிடக்கும், சில நாள் எலி. ஒருமுறை வாட்ச்மேன் வளர்த்த பூனை கிடந்தது. சுருண்டு படுத்து, முன்னங்கால் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, சுகமாகத் தூங்குவது போலவே இருந்தது. வாட்ச்மேன் மேலேயிருந்து அதை வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி உண்டு. அதன் கம்பியில் அண்ணி ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்தாள். விசிறி ஓடினால் ரிப்பன் பறக்கும், நின்றால் தொங்கும். எங்கே நின்றாலும் பார்த்துக்கொள்ளலாம். இறங்குவதற்கு முன் வாயுவை அளக்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்று சட்டமும் உண்டு.

ஒரு நாள் பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் எங்களிடம் பம்பு வேலைக்குச் சேர்ந்தார். எல்லோருக்கும் அவர் மாமா. பள்ளத்தில் மூச்சு விட முடியாமல் போகும், ஜாக்கிரதை என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மனுஷர் ஜாக்கிரதையாகத்தான் ஏணியின் மேல்முனையில் நின்றுகொண்டு, "உள்ள மூச்சு இருக்கா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் வால்வைத் திருகிக்கொண்டிருந்தவர், கார்பன் டை ஆக்சைடைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, "நெறைய இருக்கு" என்றார். மாமா இறங்கினார். பாதி ஏணியிலேயே கால் துவண்டுவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள், பிழைத்தார். எழுந்து உட்கார்ந்ததும், பஸ்ஸில்கூட இவ்வளவு சொகுசாகத் தூங்கியதில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் முகம் செத்துப்போயிருந்தது. நேராக இன்ஜினியரிடம் போய், இந்தப் பேரை வைத்தது நான், எடுக்கவும் நான்தான் எடுக்க வேண்டும் என்றாளாம். மறுநாளே கூட்டம் போட்டார்கள். இனி வாயுவுக்குக் கரி என்று பெயர். மூச்சு என்றால் மனுஷன் இழுக்கும் காற்று, வேறு எதுவும் இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். பழக்கதோஷத்தில் மாற்றிச் சொன்னவர்களை அண்ணி போலீஸ்காரி மாதிரி விரட்டினாள். நான் ஒருமுறை வாய் தவறி மூச்சு டாங்கு என்று சொல்லிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நாளில் கூடத்தின் நாக்கு திரும்பிவிட்டது. மூச்சு இருக்கு என்றால் இறங்கலாம், மூச்சு இல்லை என்றால் இறங்கக்கூடாது. அவளுக்கு நிம்மதி.

இதையெல்லாம் அண்ணனிடமும் சொன்னாள். மாமா விழுந்த கதையையும் சொன்னாள், பெயர் மாறிய கதையையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, "ஃபேக்டரியில என்ன வேணா மாத்திக்கோங்க, என் பொண்டாட்டி பேர என்னால மாத்த முடியாது" என்றார். வீட்டில் பழையபடியே நடந்தது. சாயங்காலம் அவர், மூச்சு இருக்கா என்பார். இவளும் விட்டுக்கொடுத்துப் பழைய பாஷையிலேயே பதில் சொல்வாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் புதுப் பாஷையையும் கழற்றி வைத்துவிடுவாள். அதில் என்ன கெடுதல் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷப் பராமரிப்புக்காகத் தொழிற்சாலையை நிறுத்தினார்கள். பள்ளத்துக் குழாய்களுக்குப் புதிய தாங்கிகள் வெல்டு செய்ய வேண்டியிருந்தது. காண்டிராக்ட் கிடைத்தது அண்ணனுடைய பட்டறைக்கு. பெண்டாட்டி வேலை பார்க்கும் இடத்தை முதல்முறையாக உள்ளே வந்து பார்க்கப்போகிறோம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணிக்கு மட்டும் பிடிக்கவில்லை. வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். "நீ தெனம் நிக்கற எடத்துல நான் ஒரு நாள் நின்னா என்ன ஆயிடும்?" என்றார்.

காலையில் வெளியாட்களுக்கு இன்ஜினியர் பாதுகாப்புப் பாடம் நடத்தினார். கரி, மூச்சு எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மூச்சுக்காரி வீட்டுக்காரனுக்கே பாடமா என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு மீட்டரை இறக்கிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. விசிறி ஓடியது, ரிப்பன் பறந்தது. அண்ணன் இறங்கி மதியம் வரை வேலை செய்தார். அண்டாவைச் சுற்றிப் போட்ட மேல் தட்டில் நின்ற அண்ணி அரைக் கண்ணை ரிப்பனிலேயே வைத்திருந்தாள்.

மதியம் பேக்கிங் கூடத்துக்குப் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணன் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆரஞ்சு வாசம் வருகிறது, இனி நானும் உங்க ஜாதி என்றார். அன்று அப்போதுதான் அண்ணி முதல்முறையாகச் சிரித்தாள். சாப்பிட்டதும் அண்ணி மேல் தட்டுக்குப் போனாள். அண்ணன் ஒரு பீடி பிடித்துவிட்டுப் பள்ளத்துக்குக் கிளம்பினார். நான் டப்பாக்களைக் கழுவ நின்றேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எலக்ட்ரீஷியன் ஏதோ மாற்றுவதற்காகக் கூடத்து மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். விசிறி நின்றுபோயிருந்தது. பெரிய டாங்கிலிருந்து வரும் குழாயின் வால்வு மூடியிருந்தாலும் முழுக்க மூடவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. மீட்டரை அண்ணனுடைய மேஸ்திரி வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார். காலையில் பார்த்தாயிற்றே என்று நினைத்திருப்பார். அவரை நான் வைய வேண்டிய அளவுக்கு வைதாயிற்று.

கழுவிய டப்பாக்களோடு நான் கூடத்துக்குள் நுழைந்தேன். மேல் தட்டில் அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து நின்றாள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பள்ளத்தின் விளிம்பில், வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிக்கொண்டு, ஏணியில் ஒரு கையை வைத்தபடி நின்றார். பெண்டாட்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, தினமும் சாயங்காலம் கேட்பது போலவே, உரக்கக் கேட்டார்.

"மூச்சு இருக்கா?"

"இல்ல! மூச்சு இல்ல! மூச்சே இல்லங்க!"

அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அண்ணிக்கு உயிர் வந்தது. புரிந்துகொண்டார், இறங்கமாட்டார் என்று நம்பி, விசிறியைப் போட வைக்க எலக்ட்ரீஷியனைத் தேடி மறுபக்கப் படியில் ஓடினாள்.

அவள் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. அண்ணனுக்கு என்ன புரிந்திருக்கும் என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. அவர் கேட்டது வீட்டு மூச்சு. அவள் சொன்னது கூடத்து மூச்சு. வாயு இல்லை, இறங்கலாம் என்று பெண்டாட்டியே சொல்லிவிட்டாள், அவருக்கு அதைவிடப் பெரிய மீட்டர் எது? நான் டப்பாக்களைப் போட்டுவிட்டு அண்ணா என்று கத்திக்கொண்டு ஓடியபோது விளிம்பில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஏணியின் அடியில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். கண் மூடியிருந்தது. எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகம் வந்தது.

நான் ஏணியில் காலை வைத்துவிட்டேன். அதற்குள் திரும்பி வந்த அண்ணி பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். அவளை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன், முழங்கைக்குக் கீழே கடித்தேன், இரத்தம் வந்தது. அவள் விடவில்லை. "எறங்காத, நீயும் போயிடுவ, எறங்காத" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் புருஷன் கண்ணெதிரே கிடக்கிறார், நாலு படி தூரம், இறங்கினால் செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் இறங்காமல் நின்று என்னையும் பிடித்து நிறுத்தினாள். எத்தனை பேருக்கு அது முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அவள் கையில் என் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அண்ணன் போன புதிதில் அவளை வெறுத்துவிடலாம் என்று நானும் முயன்று பார்த்தேன். காபி டம்ளரை நீட்டும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வெறுக்க முடியவில்லை.

இன்ஜினியர் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு தானே இறங்கினார். பெல்ட்டைக் கட்டி மேலேயிருந்து நான்கைந்து பேர் இழுத்தார்கள். அண்ணனைத் தரையில் கிடத்தி, இன்ஜினியர் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அழுத்த அழுத்த அண்ணனின் சட்டையிலிருந்து ஆரஞ்சு வாசம் வந்தது. இன்றுவரை நான் அந்தப் பழத்தை வாயில் வைப்பதில்லை.

ஆம்புலன்ஸுக்கு அண்ணிதான் போன் செய்தாள். முகவரியைத் தெளிவாகச் சொன்னாள், எந்தக் கேட் வழியாக வர வேண்டும் என்றுகூடச் சொன்னாள். குரலில் நடுக்கமே இல்லை. நான் பக்கத்தில் நின்றதால் மறுமுனையில் இருந்த பெண் பேசியதும் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது, பயப்படாதீர்கள் என்றாள். பிறகு அவர்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"மூச்சு இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

அண்ணி அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "அம்மா, லைன்ல இருக்கீங்களா? அவருக்கு மூச்சு இருக்கா, இல்லையா?"

"நீங்க எந்த மூச்சக் கேக்கறீங்க?" என்றாள் அண்ணி.

இன்ஜினியர் அழுத்துவதை நிறுத்திவிட்டு, கையை அண்ணனின் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அண்ணியின் கையிலிருந்து போனை வாங்கி, "இல்லங்க" என்றேன்.